புனிறு தீர்ந்த பின்

உதிரம் காரணமாக ஊரார் கூடும் நாள் ஒன்று தமிழ்ப் பெண்ணின் வாழ்வில் உண்டு. அவள் பெரியபிள்ளையான செய்தி உறவினருக்கு அறிவிக்கப்பட்டு, நாள் பார்த்துத் தண்ணீர் வார்க்கப்படும் நாள் அது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்றும் அதற்கு மண்டபம் எடுக்கப்படுகின்றது, அழைப்பிதழ் அச்சிடப்படுகின்றது, ஆராத்தி எடுக்கப்படுகின்றது. அதே உதிரம் காரணமாக அவள் ஒதுங்கி இருக்கும் நாட்களும் உண்டு. மாதந்தோறும் வரும் அந்நாட்களில் அவள் கோயிலுக்குச் செல்வதில்லை. பிள்ளை பெற்றபின் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கப்படுகின்றது. முப்பத்தோராம் நாள் வீடு கழுவித் துடக்குக் கழிக்கப்படுகின்றது. இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் நாளும் முறையும் வகுத்து வைத்த நம் சமூகம், ஒரேயொரு வருகையை மட்டும் கணக்கில் எடுக்காது விட்டுவிட்டது. கருவுற்றபோது நின்றுபோன மாதவிடாய், குழந்தை பிறந்தபின் என்றோ ஒரு நாள் திரும்பி வருகின்றது. அந்நாளுக்குச் சடங்கும் இல்லை, பெயரும் இல்லை. அதனைப் பற்றி மூத்தோர் இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. அவ்வருகையைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுதும் நான் வைத்தியம் பயின்றவள் அல்லள். கலைப்பீடத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி. கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவள். மூன்றாம் வருடத்துக்கும் நான்காம் வருடத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு பெண்குழந்தைக்குத் தாயானவள். என் உடலில் நிகழ்ந்த ஒன்றை விளங்கிக்கொள்ள முற்பட்டபோது, என் அம்மாவுக்கும், பெரியம்மாவின் மகளான அக்காவுக்கும் முன்னர் நிகழ்ந்தவற்றையும் கேட்டறிந்தேன். அவர்கள் தங்கள் அனுபவங்களை எழுத எனக்கு மனமுவந்து அனுமதி தந்தார்கள். மூவருடைய அனுபவங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கியபோது, வன்னி மண்ணின் கால் நூற்றாண்டு வரலாறும் அவற்றினூடே தென்படக் கண்டேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் முன்னோர் இவ்விடயத்தில் நாம் எண்ணுமளவுக்கு நாணியவர்கள் அல்லர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியல், பூப்பைத் தொடர்ந்து வரும் பன்னிரண்டு நாட்களில் தலைவன் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என்று வெளிப்படையாகவே விதி வகுக்கின்றது. கருத்தரிக்கும் காலத்தைப் பற்றிய ஓர் அறிவு, சரியோ பிழையோ, அக்காலத்தார்க்கு இருந்தது என்பதும், அதனை இலக்கண நூலில் எழுதுவது இழிவெனக் கருதப்படவில்லை என்பதும் இதனாற் பெறப்படும். சொல்லதிகாரத்தின் உரியியல், 'புனிறு' என்ற சொல்லுக்கு ஈன்றணிமை என்று பொருள் உரைக்கின்றது. ஈன்று அணித்தான நிலைக்குத் தனிச்சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. இச்சூத்திரங்களை விரிவுரை மண்டபத்தில் ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்து படிக்கின்றோம்; பரீட்சையில் விடை எழுதுகின்றோம்.

ஆயினும் இன்று எங்கள் ஊரில் ஒரு தாய்க்கு மாதவிடாய் திரும்பினால், "அவளுக்குத் திரும்பச் சுகமில்லாமல் வந்திட்டுதாம்" என்றே பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வர். உடல் தன் பழைய ஒழுங்குக்கு மீண்டுவிட்டது என்பதற்கான அடையாளத்தைச் சுகமின்மை என்ற சொல்லாலே குறிக்கின்றோம். பெயரிடப்படாத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்பதும் அரிது. விடை பெறுவதும் அரிது. எப்போது வரும், ஏன் சிலருக்கு இரண்டாம் மாதத்திலும் சிலருக்கு இரண்டாம் வருடத்திலும் வருகின்றது, வராதிருக்கும்போது கரு தங்குமா, வந்தபின் பால் கொடுக்கலாமா என்ற கேள்விகள் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்திருக்கின்றன. அவற்றுக்கு அவர்கள் பெற்ற விடைகள் பெரும்பாலும் ஊகங்களே.

இவ்விடத்தில் உடலியலார் கூறுவதைச் சுருக்கமாகத் தருதல் பயனுடைத்து. பிரசவத்தின் பின் சில வாரங்களுக்கு வெளியேறும் உதிரம் மாதவிடாய் அன்று. கருப்பை தன் உட்புறத்தைக் கழித்து மீளும்போது உண்டாகும் போக்கு அது. முதலில் சிவந்தும் பின்னர் பழுப்பாகியும் இறுதியில் வெளிறியும் ஏறத்தாழ ஆறு வாரத்துள் நின்றுவிடும். குழந்தைக்குப் பால் கொடுக்காத தாய்க்கு, ஆறு முதல் எட்டு வாரத்தை அண்டி மாதவிடாய் திரும்புவது வழமை. பால் கொடுக்கும் தாய்க்கோ அது பல மாதங்கள் பிந்தும். குழந்தை பால் உறிஞ்சும்போது உண்டாகும் உணர்வு நரம்புகளின் வழியே மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியை அடைகின்றது. கபச்சுரப்பி புரொலக்ரின் என்ற ஓமோனைச் சுரந்து பாலை ஊறச்செய்கின்றது. அதேவேளையில், சூலகத்தை எழுப்பி முட்டையை முதிரச்செய்யும் ஓமோன்களின் ஒழுங்கான துடிப்பு அடங்கிவிடுகின்றது. முட்டை முதிராதபோது மாதவிடாயும் இல்லை.

இதில் முக்கியமானது, குழந்தை எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் மார்பில் வாய்வைத்துக் குடிக்கின்றது என்பதே. ஆபிரிக்காவின் கலகாரிப் பகுதியில் வாழ்ந்த குங் என்ற வேட்டுவ இனத்தாரை ஆராய்ந்த மெல்வின் கொன்னர், கரோல் வேர்த்மன் என்னும் இருவர் 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மக்களின் தாய்மார் குழந்தையை எந்நேரமும் உடலோடு அணைத்துச் சுமந்து, மணித்தியாலத்துக்குப் பல தடவை சிறிது சிறிதாகப் பாலூட்டினர். எவ்விதக் கருத்தடையும் இன்றி அவர்களது இரு பிரசவங்களுக்கு இடையே சராசரியாக 44 மாதங்கள் இருந்தன. இரவும் பகலும் குழந்தையை அருகில் விட்டுப் பால் கொடுத்த எங்கள் அம்மம்மார், "பால் குடுக்கிற காலத்திலை அது வராது பிள்ளை" என்று கூறியது வெறும் மூடநம்பிக்கை அன்று என்பது இதனாற் புலனாகும்.

ஆனால் அக்கூற்றில் பாதி உண்மையே உண்டு. முட்டை முதலில் வெளியேறுகின்றது. அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தின் பின்னரே உதிரம் வருகின்றது. பிரசவத்தின் பின் வெளியேறும் முதல் முட்டையே கருவாகிவிட்டால், அத்தாய் மாதவிடாயைக் காணாமலே மீண்டும் கர்ப்பிணியாவாள். 1988இல் இத்தாலியின் பெலாஜியோ என்ற ஊரிற் கூடிய அறிஞர்கள், பல நாடுகளின் ஆய்வுகளை ஒப்புநோக்கி ஒரு முடிவுக்கு வந்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருத்தல், வேறு உணவின்றி அல்லது வேறு உணவு மிகக் குறைவாக இரவும் பகலும் தாய்ப்பால் ஊட்டப்படுதல், மாதவிடாய் திரும்பாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் கருத்தரிக்காதிருப்பதற்கான பாதுகாப்பு 98 சதவீதம் என்பதே அம்முடிவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அப்பாதுகாப்பை நம்புதல் ஆகாது. பாட்டிமார் சொன்ன மொழியில் இம்மூன்று நிபந்தனைகளும் இடம்பெறவில்லை. அவற்றை அறியாததன் விளைவை என் அம்மா அனுபவித்தார்.

1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரைச் சூழ்ந்த மக்கள் இடம்பெயர்ந்தபோது, என் பெற்றோரும் அவர்களது பெற்றோருடன் மல்லாவிப் பக்கம் சென்று குடிசை போட்டு இருந்தவர்கள். அங்கேதான் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் அண்ணன் பிறந்தான். பதின்மூன்று மாதங்களின் பின் நான் பிறந்தேன். இடையில் அம்மாவுக்கு ஒரு தடவையேனும் மாதவிடாய் வரவில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு அது வராது என்று அறிந்திருந்த அம்மா, வராததையிட்டு எவ்வித ஐயமும் கொள்ளவில்லை. வயிறு கனத்து, உள்ளே அசைவு தெரிந்த பின்னரே தாம் கர்ப்பிணி என்பதை அவர் அறிந்தார். நான் அவ்வாறு 'குளியாமலே தங்கின பிள்ளை' என்று ஊரில் வேடிக்கையாகக் கூறக் கேட்டு வளர்ந்தவள். அதன் பொருள் எனக்கு விளங்கியது நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பின்னரே.

இப்போது அம்மாவிடம் நிதானமாக இருந்து வினவியபோது காரணம் தெளிவாயிற்று. அண்ணனுக்கு மூன்று மாதமானபோது அம்மாவுக்கு மலேரியா கண்டது. அக்காலத்து வன்னியில் மலேரியா காணாத வீடு அரிது. இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது 2016இலேதான். காய்ச்சலும் நடுக்கமுமாகக் கிடந்த இரண்டு வாரங்களில் அம்மம்மா குழந்தைக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டியாற் பருக்கினார். பொருளாதாரத் தடைக்காலம் அது; பால்மா எளிதில் கிடைப்பதில்லை. காய்ச்சல் தணிந்தபின்னும் கஞ்சி நிற்கவில்லை. குழந்தை மார்பை நாடும் தடவைகள் குறைந்தன. அடுத்த சில வாரங்களில் நான் தங்கிவிட்டேன். மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறிய கணத்தை எவரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை. மலேரியாவால் வெளிறிய உடலோடு, ஒரு கைக்குழந்தையை இடுப்பிலும் ஒன்றை வயிற்றிலும் சுமந்து, எட்டாம் மாதம்வரை அவர் கிணற்றில் நீர் அள்ளினார். ஒரு பிரசவத்தின் பின் அடுத்த கருவுக்கு முன்னே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதைப் படிக்கும்போதெல்லாம், நான் உயிரோடு இருப்பதற்கு அம்மா கொடுத்த விலை எனக்கு நினைவுக்கு வரும்.

அக்காவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அவருக்கு 2008 ஆவணியில் விசுவமடுப் பக்கத்தில் ஆண்குழந்தை பிறந்தது. அவ்வாண்டு புரட்டாதியில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்களும் ஏனைய உதவி நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறினர். 2009 தை 2ஆம் திகதி கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமாயிற்று. அதன்பின் விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என மக்கள் கிழக்கு நோக்கி ஒதுங்கிய பாதையை இங்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்து மாதக் குழந்தையுடன் அப்பாதையில் நடந்த தாய்மாருள் அக்காவும் ஒருவர். குழந்தைக்குக் கொடுக்க அவரிடம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அவரோ நாளுக்கு ஒருவேளைக் கஞ்சி குடித்தார். பதுங்குகுழியில் இரவும் பகலும் குழந்தை மார்பிலேயே கிடந்தது. அவருக்கு மாதவிடாய் வரவேயில்லை.

"அந்தக் காலத்திலை அது வராமல் இருந்தது கடவுள் செய்த உதவி. துணிக்கு எங்கை போறது, தண்ணிக்கு எங்கை போறது" என்று அக்கா என்னிடம் கூறினார். வந்தவர்கள் பட்ட பாட்டை அவர் அருகிலிருந்து கண்டவர். சேலைத் தலைப்பைக் கிழித்துப் பயன்படுத்தியவர்களையும், கழுவிக் காயவைக்க இடமின்றி ஈரத்துணியையே மீண்டும் கட்டியவர்களையும் அவர் அறிவார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அவர் முகாமுக்கு வந்துசேர்ந்தபோது குழந்தை உயிரோடு இருந்தது, கணவர் இருக்கவில்லை. ஆகவே கருவோ என்ற ஐயத்துக்கும் இடமிருக்கவில்லை. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபின்னும் மாதவிடாய் வராதிருந்தமை அவருக்கு வேறோர் அச்சத்தைத் தந்தது. இருபத்துநான்கு வயதில் தமக்கு எல்லாம் முடிந்துவிட்டது, உள்ளே ஏதோ செத்துவிட்டது என்று அவர் எண்ணினார். யாரிடமும் கேட்கவில்லை. அத்தனை இழப்புகளின் நடுவே இதனை ஒரு கேள்வியாகக் கேட்க அவருக்கு நாணமாக இருந்தது.

பாலூட்டலோடு பட்டினியும் பேரச்சமும் சேரும்போது உடல் இவ்வாறு அடங்கிப்போதல் புதிதன்று. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் வசமிருந்த நெதர்லாந்தின் நகரங்களில் உணவு இல்லாது போனபோது, அங்கே பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது. உணவு மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் அது அவர்களுக்குத் திரும்பியது. தனக்கே போதாத உணவைக் கொண்டு இன்னோர் உயிரைச் சுமக்க முடியாது என்பதை உடல் அறிந்துகொண்டு, வாயிலைச் சாத்திக்கொள்கின்றது. காலம் சீராகும்போது அதுவே திறக்கின்றது. இந்த ஒரு செய்தியை அன்று அக்காவுக்கு எவரேனும் சொல்லியிருந்தால் பல இரவுகளின் துயர் அவருக்குக் குறைந்திருக்கும். 2010 தையில், குழந்தைக்குப் பதினேழு மாதமானபோது, முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற வேளையில் அவருக்கு மாதவிடாய் திரும்பியது. "வந்த அண்டைக்குத்தான் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு நம்பினனான்" என்று அக்கா சொன்னார். அன்று மாலை அயற்கூடாரத்து முதியவள் ஒருத்தி தன்னிடமிருந்த பழைய பருத்திச் சேலையொன்றை நான்காகக் கிழித்து அவருக்குக் கொடுத்தாளாம். அவ்வருகைக்கு நடந்த சடங்கு அவ்வளவே.

என் முறை வந்தபோது காலம் மாறியிருந்தது. ஊரில் மின்சாரம் உண்டு. குளிர்சாதனப் பெட்டி உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வீடு தேடி வருவார். ஊரார் அவரை 'மிஸ்' என்றே அழைப்பர். கர்ப்பிணியாகப் பதிவு செய்த முதல் நாள் அவர் என்னிடம் வினவியது இறுதியாக மாதவிடாய் வந்த திகதியைத்தான். அத்திகதியிலிருந்தே குழந்தையின் வரவு கணக்கிடப்பட்டது. வீட்டார் எல்லோரும் அத்திகதியை மனப்பாடமாக அறிந்திருந்தனர். பிரசவத்தின் பின் பாவட்டை, நொச்சி, வேம்பு இலைகளை அவித்த நீரில் அம்மா என்னைக் குளிப்பாட்டினார். சரக்கு அரைத்துக் கறி காய்ச்சினார். பால் ஊறுவதற்கென்று பால்சுறா வறையும் முருங்கையிலையும் சோற்றோடு வந்தன. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தது. குழந்தைக்கு நான்கு மாதமானபோது இறுதி வருட விரிவுரைகள் தொடங்கின. நான் ஏ9 வீதி வழியே பேருந்தில் நாள்தோறும் போய்வரலானேன்.

அதிகாலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் மாலை ஐந்து மணிக்கே திரும்புவேன். காலையிலும் இரவிலும் பாலைக் கறந்து குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். பகலில் அம்மா அதனைக் கிண்ணத்தில் ஊட்டுவார். குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. எனினும் பகல் முழுவதும் அவள் என் மார்பில் வாய்வைக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் எனக்கு மாதவிடாய் திரும்பியது.

வீட்டில் அன்றைய தினம் மூன்று அபிப்பிராயங்கள் நிலவின. இனிப் பால் கெட்டுவிடும், குழந்தைக்கு வயிற்றோட்டம் வரும், ஆகவே பால் மறக்கப்பண்ண வேண்டும் என்பது மாமியின் கருத்து. உடம்பில் இரத்தம் குறைவு, பாலும் கொடுத்து உதிரமும் போனால் நான் தாங்கமாட்டேன் என்பது அம்மாவின் அச்சம். தமக்கு ஒன்றும் தெரியாது, மிஸ்ஸிடம் கேட்போம் என்பது கணவரின் கூற்று. மூன்றிலும் அறிவுடையது அதுவே. தற்செயலாக அக்குழந்தையும் அவ்விரு நாட்களும் மார்பில் வைத்தவுடன் முகத்தைத் திருப்பி அழுதாள். மாமியின் கூற்றுக்கு அது சான்றாயிற்று. மறுநாளே பால்மாப் பேணி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது.

மிஸ் வந்து திண்ணையில் இருந்து எல்லோருக்கும் பொதுவாக விளக்கினார். மாதவிடாய் வரும் நாட்களில் பாலின் சுவையும் அளவும் சிலருக்குச் சிறிது மாறக்கூடும், சில குழந்தைகள் அதனை உணர்ந்து சிணுங்கும், இரண்டொரு நாளில் சரியாகிவிடும், பால் கெடுவதில்லை, நிறுத்த வேண்டியதில்லை என்றார். கறந்து கொடுக்கும் பால் குழந்தையின் வயிற்றை நிரப்பும். ஆனால் குழந்தை வாய்வைத்து உறிஞ்சும்போது மூளைக்குச் செல்லும் செய்தியை அதனால் அனுப்ப முடியாது. ஆகவேதான் உங்களுக்கு முந்தி வந்தது என்றார். அம்மாவின் அச்சத்தையும் அவர் தள்ளிவிடவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக எடுக்கும்படியும், திரிபோஷாவை வீட்டார் எல்லோரும் பங்குபோட்டு உண்ணாமல் தாய்க்கே கொடுக்கும்படியும் கூறிச் சிரித்தார். மணித்தியாலத்துக்கு ஒரு அணையாடை நனையுமளவுக்கு உதிரம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்றார். பின்னர் என்னைத் தனியே அழைத்து, மாதவிடாய் திரும்பிவிட்டமையால் இனிப் பாலூட்டலை நம்பி இருக்கமுடியாது என்பதையும், பாலைக் குறைக்காத கருத்தடை முறைகள் எவை என்பதையும், அவற்றின் நன்மை தீமைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தீர்மானத்தை என்னிடமும் கணவரிடமும் விட்டார். பால்மாப் பேணி திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.

என் அம்மாவுக்கு மல்லாவியிலும் அக்காவுக்கு முகாமிலும் கிடைக்காதது இந்த அரைமணி நேரப் பேச்சே. மருந்தும் கருவியும் அதில் இல்லை. தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவருக்குக் கூச்சமின்றி எடுத்துரைத்தமையே அதன் முழுப் பயன்.

இத்தகைய அறிவு ஏன் எல்லோரையும் சென்றடையவில்லை என்று ஆராய்கையில் இன்னொரு செய்தியும் என் கண்ணிற் பட்டது. இந்நாட்டின் பெண்கள் எத்தனை மாதம் பாலூட்டுகின்றனர், பிரசவத்தின் பின் எத்தனை மாதம் மாதவிடாய் இன்றி இருக்கின்றனர் என்பன போன்ற கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்வது குடித்தொகை, சுகாதார அளவீடாகும். 1987, 1993, 2000, 2006–07 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற அவ்வளவீடுகளில் வட மாகாணம் போர் காரணமாக உள்ளடக்கப்படவில்லை. முழு நாட்டையும் உள்ளடக்கிய அளவீடு 2016இலேயே நடந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெறுகின்றனர் என்ற பெருமைக்குரிய எண்ணை அவ்வளவீடே வெளியிட்டது. அம்மாவின் பதின்மூன்று மாத இடைவெளியும் அக்காவின் பதினேழு மாத இடைவெளியும் நிகழ்ந்த காலங்களில், வன்னித் தாய்மாரின் மாதங்கள் நாட்டின் கணக்கேட்டில் எழுதப்படவேயில்லை. வீட்டிலும் பேசப்படாது, ஏட்டிலும் எழுதப்படாது போன அம்மாதங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் அத்தாய்மாரே. அவர்களும் வயது முதிர்ந்து வருகின்றனர்.

அறிவு மறுக்கப்படுமிடத்து நம்பிக்கையும் குலையும் என்பதற்கு 2013ஆம் ஆண்டில் எழுந்த விவகாரம் எடுத்துக்காட்டு. அவ்வாண்டு ஆவணியில், கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையோரக் கிராமங்களாகிய வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றில், சிறு குழந்தைகளையுடைய தாய்மாருக்கு உரிய விளக்கமும் மனமார்ந்த சம்மதமும் இன்றி மேற்கையின் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு வெளிவந்தது. அதன் முழு உண்மையைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அச்செய்தியை அறிந்த பெண்கள் பலர் கருத்தடை என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் தயங்குவதை எங்கள் பக்கத்தில் நான் கண்டிருக்கின்றேன். ஒரு தாய் தன் உடலில் எது எப்போது திரும்பும், ஏன் திரும்பும் என்பதை முன்னரே அறிந்திருந்தால், அவள் வினவுவாள், ஒப்புக்கொள்வாள், மறுக்கவும் செய்வாள். அறியாதவளிடம் பெறப்படும் சம்மதத்தைச் சம்மதம் எனல் ஆகாது.

பல்கலைக்கழகச் சூழலையும் இங்குக் குறிப்பிடாதிருத்தல் முறையன்று. பட்டப்படிப்பை முடிக்குமுன் தாயாகும் மாணவியர் இன்று அரியவர் அல்லர். வன்னியிலிருந்து வருவோருள் அவர்களை நான் பலமுறை சந்தித்துள்ளேன். பாலைக் கறந்து வைக்கத் தாழிடக்கூடிய ஓர் அறையும், நீர் வரும் கழிப்பறையும், பயன்படுத்திய அணையாடையை இட ஒரு கூடையும் அவர்களுக்குத் தேவை. அணையாடை வாங்குவதும் எல்லோருக்கும் எளிதன்று. இறக்குமதியாகும் அணையாடை மீதான மொத்த வரி 2018இல் 101.2 சதவீதமாக இருந்து, கண்டனங்களின் பின் குறைக்கப்பட்ட செய்தியைப் பலரும் அறிவர். பிள்ளைக்குப் பால்மாவா, தாய்க்கு அணையாடையா என்று வரும்போது எந்தத் தாய் எதைத் தெரிவாள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பெண்விடுதலை பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாம், அவ்வறைக்கும் அக்கூடைக்கும் விண்ணப்பம் எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.

துடக்கு என்ற எண்ணத்தை ஒரே நாளிற் களைந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்திவைத்த தாய், இடையில் மாதவிடாய் வந்துவிட்டால் அடுத்த வைகாசிவரை காத்திருப்பதைத் தன் பக்தியின் ஒரு பகுதியாகவே கருதுகின்றாள். அவளுடைய நம்பிக்கையை எள்ளி நகையாடுவதால் யாருக்கும் நன்மை விளையாது. ஆனால் கோயிலுக்குப் போகாதிருப்பதும் பேசாதிருப்பதும் வேறு வேறு. முன்னதற்கு நம்பிக்கை காரணமாகலாம். பின்னதற்கு நம்பிக்கையின் துணை தேவையில்லை, தொல்காப்பியரே பேசியிருக்கின்றார்.

ஆகவே நான் வேண்டுவது சிறிது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வரும் பெரியவர்கள், சரக்குக்கும் பத்தியத்துக்கும் கணக்குச் சொல்வது போல, இதற்கும் கணக்குச் சொல்லட்டும். ஆறு மாதம், இரவும் பகலும் பால், உதிரம் திரும்பாமை என்ற மூன்றையும் எழுத்தறியாதவரும் விரல்மடித்துச் சொல்லிவிடலாம். அம்மா இப்போது அவ்வாறே செய்கின்றார். சென்ற மாதம் எங்கள் அயல்வீட்டில் ஒரு பெண்ணுக்குத் துடக்குக் கழித்தபோது, கூடத்திலிருந்த ஆண்களையும் பொருட்படுத்தாது, அவர் மூன்று விரல்களையும் மடித்துக் காட்டி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்பெண்ணின் கணவர் எழுந்து வெளியே போகவில்லை. இருந்து கேட்டார், ஒரு கேள்வியும் கேட்டார்.